கார் ஏசி குளிரவில்லையா? பாகத்தை மாற்றும் முன் பழுதைப் பிடியுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தீபாவளி முடிந்த கையோடு புழுக்கம் ஏறிவிடும். மார்கழியும் தையும் இங்கே உச்சக் கோடை. தைப்பூசக் காவடி நாளில் கிளேர்வுட் கோயில் பக்கம் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றும்போது ஏசி கைவிட்டால், பின்னிருக்கையில் இருக்கும் பெரியவர்களும் குழந்தைகளும் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. வழிப்பறிக்குப் பயந்து, சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியை இறக்கிவைக்க யாரும் துணியாத ஊர் இது. இங்கே கார் ஏசியை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த அவசரத்தில்தான் காசு கரைகிறது.

கார் மின்வேலையில் இருப்பவன் நான். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் எஸ்டிமேட்டுகளைப் பார்க்கிறேன். கம்ப்ரெசர், கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு என்று வரிசையாக எழுதி, கூட்டுத்தொகை பல ஆயிரம் ராண்டில் வந்து நிற்கும். பாகங்களில் பெரும்பாலானவை இறக்குமதி. ராண்ட் சரிந்தால் அவற்றின் விலை ஏறும். அதற்கு மேல் 15 சதவீத வாட் வரி. இதை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் எது பழுது என்று யாருக்கும் தெரியாத நிலையிலேயே பாகத்தை மாற்றுகிறார்களே, அதைத் தடுக்கலாம். நான் பார்த்த பெரிய பில்களில் பாதிக்கு மேல் அப்படி வந்தவைதான். சோதனைக்குக் காசு கொடுங்கள், ஊகத்துக்குக் கொடுக்காதீர்கள்.

ஏசி வேலை செய்யும் விதம் கொஞ்சம் தெரிந்தால் யாரும் உங்களை மிரட்ட முடியாது. கம்ப்ரெசர் கேஸை அழுத்தித் தள்ளுகிறது. அழுத்தத்தில் சூடான கேஸ், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம் எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாகப் பீய்ச்சி டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு மீண்டும் கம்ப்ரெசருக்குத் திரும்புகிறது. இது மூடிய வட்டம். பெட்ரோலைப் போலக் கேஸ் செலவாகித் தீர்வதில்லை. ரப்பர் குழாய் வழியாகவும் சீல் வழியாகவும் ஆண்டுக்கு மிகச் சிறிதளவு கசியும், அவ்வளவுதான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய முதல் சோதனை

பானெட்டைத் திறந்து, உள்பக்கத்திலோ ரேடியேட்டருக்கு மேலுள்ள தகட்டிலோ ஒட்டியிருக்கும் ஏசி லேபிளைத் தேடுங்கள். எந்த வகைக் கேஸ், எத்தனை கிராம் என்று அதில் இருக்கும். இங்கே ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் ஆர் 134ஏ. சிறிய கார்களுக்கு ஏறக்குறைய 400 முதல் 600 கிராம் வரை பிடிக்கும். புதிய கார்கள் சிலவற்றில் ஆர் 1234 ஒய்எஃப் இருக்கும். அதன் விலை பல மடங்கு. லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கேள்விகளுக்கெல்லாம் இந்தப் படம்தான் ஆதாரம்.

அடுத்து, சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்றை டேஷ்போர்டில் காற்று வரும் நடு வென்ட்டில் செருகுங்கள். கதவு, கண்ணாடியெல்லாம் மூடி, உள்காற்றே சுழலும்படி பொத்தானை அழுத்தி, காற்றை ஊதும் ப்ளோயரை நடுத்தர வேகத்தில் வைத்து, என்ஜினைச் சற்று உயர்த்திப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். வெளியே 30 டிகிரி, காற்றில் ஈரம் சொட்டும் டர்பன் நாளில் வென்ட்டில் 10 டிகிரி வந்தாலே உங்கள் ஏசி ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி உள்நாட்டு வறண்ட காற்றில் அதே கார் இன்னும் குளிராக ஊதும். காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கவே கூலிங் காயிலின் வலிமையில் பெரும்பங்கு போய்விடுவதால் கடலோரத்தில் இந்த வேறுபாடு இயல்பு. ஒன்றும் பழுதில்லாத ஏசியை, போன வாரம் மேட்டுநிலத்தில் குளிர்ந்தது போல இங்கே குளிரவில்லை என்று பட்டறையில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. ஏசி குழாய்களின் இணைப்பை நீங்களாகத் தளர்த்தாதீர்கள். பீய்ச்சும் திரவக் கேஸ் தோலில் பட்டால் அந்த இடம் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ரேடியேட்டர் ஃபேன் எந்த நொடியும் தானாகச் சுற்றத் தொடங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காற்று குறைவாக வருகிறது, அல்லது வரவே இல்லை

இது பெரும்பாலும் கேஸ் சம்பந்தப்பட்ட பழுதே கிடையாது. முதலில், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கருவி ஏதுமில்லாமல் கழற்றலாம். வெருலம், டோங்காட் பக்கம் இருப்பவர்கள் இதை இருமடங்கு கவனிக்க வேண்டும். கரும்புத் தோட்டங்களுக்கு அறுவடைக்கு முன் தீ வைக்கும் மாதங்களில் கறுப்புச் சாம்பல் வீட்டு முற்றத்தில் விழுவது போலவே ஃபில்டரிலும் படிகிறது. அறுவடைக் காலம் முடிந்ததும் கழற்றிப் பார்த்தால் மடிப்புக்கு மடிப்பு கரித்தூள் அப்பியிருக்கும். அதை மாற்றினாலே ஏசிக்குப் புத்துயிர் வந்த கார்கள் ஏராளம்.

ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறதா? வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது, மலிவான பாகம். எந்த வேகத்திலும் ஓடவில்லை என்றால் ஃப்யூஸ், பிறகு மோட்டாருக்கு மின்சாரம் வருகிறதா என்ற சோதனை, கடைசியாகத்தான் மோட்டார்.

காற்று நன்றாக வருகிறது, குளிர்ச்சி துளியும் இல்லை

என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஏசி பொத்தானை அழுத்த, இன்னொருவர் தள்ளி நின்று கம்ப்ரெசரின் முன்பகுதியைப் பாருங்கள். கிளட்ச் உள்ள கம்ப்ரெசரில் பெல்ட் சுற்றும் புல்லி எப்போதும் ஓடும். அதன் முன்னால் இருக்கும் தட்டு, ஏசி போட்டதும் 'டக்' என்று ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்ற வேண்டும். தட்டு ஒட்டுகிறது, ஆனாலும் குளிர்ச்சி இல்லை என்றால் கேஸ் அல்லது கம்ப்ரெசர் பக்கம் தேட வேண்டும். ஒட்டவே இல்லை என்றால் மின்பக்கம் தேட வேண்டும், அல்லது கேஸ் தீர்ந்து பாதுகாப்பு சுவிட்ச் தடுத்திருக்கிறது.

ஃப்யூஸைப் பாருங்கள். மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயைக் கழற்றி, அதே எண்ணுள்ள இன்னொரு ரிலேயை, உதாரணமாக ஹாரனுடையதை, அந்த இடத்தில் செருகிப் பாருங்கள். இது இரண்டு நிமிட வேலை, செலவு இல்லை. அதன் பிறகும் ஒட்டவில்லை என்றால் பட்டறைக்குப் போகலாம். காலையில் ஒட்டி, அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் விட்டுவிடும் கிளட்ச் ஒன்று உண்டு. தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவே இடைவெளி இருக்க வேண்டும். தேய்மானத்தால் அது அகன்றதும், சூடேறிய கிளட்ச் காயிலின் காந்த இழுப்பு அதைத் தாண்ட முடியாமல் போகிறது. பல கம்ப்ரெசர்களில் தட்டின் உள்ளே இருக்கும் மெல்லிய வளையம் ஒன்றை எடுத்துவிட்டால் இடைவெளி குறைந்து பழுது தீர்ந்துவிடும். இந்தப் பழுதுக்குப் புதுக் கம்ப்ரெசர் எழுதிக் கொடுத்த தாள்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இப்போதைய பல கார்களின் கம்ப்ரெசரில் கிளட்ச்சே இல்லை. புல்லி சுற்றுகிறதா என்று பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. அங்கே ஸ்கேனர் மாட்டி, கம்ப்ரெசருக்குக் கட்டளை போகிறதா, அழுத்த சென்சர் என்ன காட்டுகிறது என்று படிக்க வேண்டும்.

அழுத்த சுவிட்சில் ஒயரைக் குறுக்கே போட்டுக் கம்ப்ரெசரைக் கட்டாயமாக ஓட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். கம்ப்ரெசருக்கான எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் எண்ணெய் போய்ச் சேராது. நல்லபடியாக இருந்த கம்ப்ரெசர் அந்தச் சோதனையிலேயே இறுகிவிடும்.

ஓடும்போது குளிர்கிறது, நின்றால் சூடாகிறது

நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது வெப்பம், என்2 நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் குளிர்ச்சி. இந்த அறிகுறி கண்டென்சருக்குக் காற்று போதவில்லை என்று சொல்கிறது. வேகமாகப் போகும்போது காற்று தானாக மோதுகிறது. நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும்.

ஏசி போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சில கார்களில் அழுத்தம் ஏறிய பிறகுதான் தொடங்கும். ஓரிரு நிமிடம் பொறுங்கள். இரண்டு ஃபேன் இருந்தால் இரண்டையும் பாருங்கள். சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் போகவேண்டும். சுற்றினால், தோட்டத்துக் குழாயால் கண்டென்சரின் முகப்பில் மென்மையாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வென்ட் தெர்மாமீட்டரைப் பாருங்கள். சட்டென்று நான்கைந்து டிகிரி இறங்கினால் கண்டென்சரின் வெப்பம் வெளியேறாததே காரணம் என்று உறுதியாகிறது. துடுப்புகளில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கலாம், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே குப்பை சேர்ந்திருக்கலாம், ஃபேன் மோட்டார் தளர்ந்து மெதுவாகச் சுற்றலாம். உயர் அழுத்தத் தண்ணீரை மட்டும் பயன்படுத்தாதீர்கள், துடுப்புகள் மடிந்துவிடும். தண்ணீர் தெளித்தும் மாற்றமில்லை என்றால் கேஸ் குறைந்திருக்கலாம், கம்ப்ரெசர் தளர்ந்திருக்கலாம். அப்போது கீழுள்ள பகுதிகளைப் படியுங்கள்.

போன தடவை யாரோ கண்மட்டத்தில் நிரப்பியதால் கேஸ் அளவுக்கு மிஞ்சியிருந்தாலும் இதே அறிகுறி வரும். கேஸ் குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு.

முதலில் குளிர்ந்து, போகப் போகக் காற்றே நின்றுவிடுகிறது

டர்பனிலிருந்து என்3 வழியே உள்நாட்டுக்கு நீண்ட பயணம் போகிறவர்கள் சொல்வது இது. கூலிங் காயிலில் பனிக்கட்டி கட்டிக் காற்றை அடைக்கிறது. ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். காற்று திரும்பி, காரின் அடியில் தண்ணீர் நிறையக் கொட்டினால் இதுதான் பழுது. முதல் சந்தேகம் அடைபட்ட ஃபில்டர். இரண்டாவது, காயிலின் வெப்பநிலையைப் பார்த்துக் கம்ப்ரெசரை நிறுத்தச் சொல்லும் சென்சர். இரண்டுமே பெரிய செலவில்லை. கேஸ் சற்றுக் குறைந்திருந்தாலும் காயிலின் ஒரு மூலையில் பனி கட்டும்.

கேஸ் நிரப்பினால் குளிர்கிறது, சில வாரத்தில் அல்லது அடுத்த கோடையில் போய்விடுகிறது

நம் ஆட்களிடமிருந்து அதிகம் காசு பிடுங்கும் பழுது இதுதான். ஒருமுறை கேஸ் நிரப்பச் சில நூறு ராண்ட் என்பதால் மனம் சமாதானமாகிவிடுகிறது. ஆண்டுதோறும் அதே தொகை. இடையே கசிந்த துளை வழியாக எண்ணெயும் போகிறது, ஈரக்காற்றும் நுழைகிறது. உள்ளே அமிலம் உருவாகி, கடைசியில் கம்ப்ரெசரையே தின்றுவிடுகிறது.

என் தெருவில் இருக்கும் மாமா ஒருவரின் கொரோலா க்வெஸ்ட்டில் இதுதான் நடந்துகொண்டிருந்தது. கோடை பிறந்தால் கேஸ், பொங்கலுக்குள் வெப்பம். கண்டென்சர் மாற்ற வேண்டும் என்று ஓர் இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். "தம்பி, விற்றுவிடட்டுமா?" என்று தாளை நீட்டினார். கேஸ் ஏற்றும் முனையின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, சோப்பு நீரைத் தூரிகையால் தொட்டு வைத்தேன். முனையின் நடுவில் கடுகளவு குமிழ் எழுந்தது, உடைந்தது, மறுபடி எழுந்தது. டயர் வால்வில் இருப்பது போன்ற சின்ன ஊசிதான் உள்ளே தேய்ந்திருந்தது. மூடிக்குள் இருக்க வேண்டிய ரப்பர் வளையமும் இல்லை. தெரிந்த ஏசிக்காரரிடம் அனுப்பி, ஊசியும் மூடியும் மாற்றி, லேபிளில் உள்ள அளவுக்குக் கேஸ் ஏற்றியதோடு வேலை முடிந்தது. அவர் கார் இன்றும் குளிர்கிறது.

எல்லாருக்கும் இவ்வளவு மலிவாக முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மலிவான இடத்திலிருந்து தேடத் தொடங்குவது எல்லாருக்கும் பொருந்தும். தேடும் வரிசை இது: கேஸ் ஏற்றும் முனைகள் இரண்டும், குழாய் இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையங்கள், குழாய் சட்டத்தில் உராயும் இடங்கள், கண்டென்சர், கம்ப்ரெசரின் முன்பக்கத் தண்டு சீல், எல்லாம் முடிந்த பிறகே கூலிங் காயில். கேஸோடு எண்ணெயும் கசிவதால், கசியும் இடத்தில் தூசு ஒட்டிக் கறுத்த பிசுபிசுப்பான திட்டு இருக்கும். டார்ச் விளக்கு ஒன்று போதும், பாதிக் கசிவுகள் கண்ணுக்கே அகப்படும்.

கண்டென்சர் நம் ஊரில் சீக்கிரம் போகிறது என்பது உண்மைதான். பிளஃப், இசிபிங்கோ, உம்ஷ்லாங்கா பக்கம் கடலுக்கு அருகில் நிற்கும் கார்களின் அலுமினியத் துடுப்புகள் உப்புக்காற்றில் பொடிந்து, விரல் வைத்தால் உதிரும். என்3 சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஓடுகிறவர்களுக்கு ஜல்லி அடித்து ஓட்டை விழும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் முகப்பைக் கழுவினால் உப்பு தங்காது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கம்பெனி முத்திரை இல்லாத கண்டென்சரை ரேடியேட்டர் கடைகளில் விசாரியுங்கள். விலை வேறுபாடு பெரிது, தரமும் பெரும்பாலும் மோசமில்லை. டிரையரையும் கூடவே மாற்றுவது சரியான வேலைதான். அது ஈரம் உறிஞ்சும் பாகம், திறந்த பிறகு பழையதை வைத்துக்கொள்வதில் லாபமில்லை. சில கண்டென்சர்களில் அது உள்ளேயே வருகிறது.

பட்டறையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "காரிலிருந்து எத்தனை கிராம் கேஸ் வெளியே வந்தது?" ஏசி இயந்திரம் பழைய கேஸை உறிஞ்சி எடை போடும். லேபிளில் 500, வெளியே வந்தது 480 என்றால் கேஸ் குறையவே இல்லை, பழுது வேறெங்கோ இருக்கிறது. 150 வந்தால் கசிவு உறுதி. அழுத்தம் காட்டும் கேஜை மட்டும் மாட்டிப் பார்த்து 'கேஸ் குறைவு' என்று சொல்வதை ஏற்காதீர்கள். இரவு முழுவதும் நின்ற காரில், 25 டிகிரியில் ஆர் 134ஏ சுமார் 5.6 பார் (அழுத்த அலகு) காட்டும், 30 டிகிரியில் சுமார் 6.7 பார். உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலும் அந்த எண்தான், முழுதாக இருந்தாலும் அந்த எண்தான். அதைவிட வெகுவாகக் குறைந்தால் கிட்டத்தட்டக் காலி என்று மட்டுமே சொல்லலாம்.

கசிவைப் பிடிக்க நைட்ரஜன் ஏற்றிச் சோதிப்பது நல்ல முறை. புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் கலந்து சில நாள் ஓட்டிவிட்டுப் பார்ப்பது மெதுவான கசிவுக்கு ஏற்றது. வெறும் வேக்குவம் (வெற்றிடம்) பிடித்து 'நிற்கிறது, கசிவில்லை' என்று சொன்னால் போதாது. வேக்குவத்தில் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது, சில சீல்கள் அப்போது இறுகிப் பிடித்து, அழுத்தத்தில் விட்டுவிடும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெசரால் ஏசிக்குள் காற்று ஏற்றிச் சோதிக்க விடாதீர்கள். அதில் ஈரம் இருக்கிறது.

டப்பாவில் விற்கும் கசிவடைப்பு மருந்து வேண்டவே வேண்டாம். உள்ளே கெட்டியாகி வால்வை அடைக்கும், பட்டறையின் இயந்திரத்தையும் கெடுக்கும். அது ஊற்றிய காரை நல்ல ஏசிக்காரர்கள் தொடவே தயங்குவார்கள். விலை மலிவு என்று சமையல் கேஸ் வகைக் கலவையை ஏற்றுவதும் அப்படித்தான். அது தீப்பற்றக்கூடியது. கூலிங் காயில் கசிந்தால் அந்தக் கேஸ் குடும்பம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் வரும்.

கூலிங் காயில்தான் கசிகிறது என்றால் டேஷ்போர்டையே இறக்க வேண்டிவரும். கூலி உயர்வதில் அநியாயம் இல்லை. ஆனால் ஆதாரம் கேளுங்கள். தண்ணீர் வெளியேறும் குழாயில் சாயம் தெரிகிறதா, கசிவு கண்டுபிடிக்கும் கருவி வென்ட்டில் ஒலிக்கிறதா என்று உங்கள் எதிரிலேயே காட்டச் சொல்லுங்கள்.

சத்தம் வருகிறது, "கம்ப்ரெசர் போய்விட்டது" என்கிறார்கள்

சத்தம் எப்போது வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. ஏசி போட்டதும் கீச்சென்று கத்தி அடங்கினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. ஏசி அணைத்திருக்கும்போதும் உறுமல் கேட்டு, ஏசி போட்டால் அது குறைகிறது என்றால் புல்லி பேரிங். அதைத் தனியாக மாற்றலாம். பல மாடல்களில் கேஸைத் தொடாமலேயே முடியும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு புல்லியைக் கையால் சுற்றினாலே கரகரப்பு விரலுக்குத் தெரியும்.

ஏசி போட்டால் மட்டும் உள்ளே உலோகம் அரைபடும் சத்தம் என்றால் நிலைமை கடுமை. குழாயைக் கழற்றியதும் எண்ணெயில் மினுமினுக்கும் சாம்பல் நிறத் தூள் இருந்தால் கம்ப்ரெசர் உள்ளேயே சிதைந்திருக்கிறது. அந்தத் தூள் கண்டென்சருக்குள் போய்த் தங்கும். இன்றைய கண்டென்சர்களின் துவாரங்கள் அவ்வளவு நுண்ணியவை. கழுவி எடுக்க முடியாது. இந்த ஒரு நிலையில் கம்ப்ரெசர், கண்டென்சர், டிரையர், வால்வு எல்லாம் மாற்றச் சொல்வது நேர்மையான ஆலோசனை. கம்ப்ரெசரை மட்டும் மாற்றினால் மிச்சமிருக்கும் தூள் புதியதையும் சில மாதத்தில் அழித்துவிடும். அந்த எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். துணி சுத்தமாக இருந்தால் முழு செட்டுக்கு அவசியமில்லை.

கிளட்ச் இல்லாத கம்ப்ரெசரில் குளிர்ச்சி மந்தமாக இருந்து சத்தம் ஏதும் இல்லை என்றால், பின்புறம் இருக்கும் கட்டுப்பாட்டு வால்வு மட்டும் சிக்கியிருக்கலாம். அது தனியாகவே கிடைக்கும். இதைப் பார்க்காமல் கம்ப்ரெசரைக் குப்பையில் போடுகிறார்கள்.

பழைய வண்டி உடைக்கும் யார்டில் கம்ப்ரெசர் வாங்குவதாக இருந்தால், குழாய் வாய்கள் அடைப்பு போட்டு மூடியிருப்பதை மட்டும் எடுங்கள். மாதக்கணக்கில் வாய் திறந்து கிடந்தது ஈரம் குடித்திருக்கும். தண்டைக் கையால் சுற்றினால் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். உத்தரவாதத்தை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மாட்டுகிறவரிடம் எந்த எண்ணெய், எவ்வளவு என்று கேளுங்கள். தவறான எண்ணெய் நல்ல கம்ப்ரெசரையும் கெடுக்கும்.

ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் சூடு

டேஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' என்று கேட்டால் காற்றைத் திருப்பும் கதவின் சின்ன மோட்டார் உடைந்திருக்கிறது. கேஸுக்கும் இதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை.

நாற்றம், காருக்குள் தண்ணீர்

ஊறிய துணி நாற்றம் என்றால் கூலிங் காயிலில் பூஞ்சை. ஃபில்டரை மாற்றி, அதற்கென விற்கும் நுரையால் காயிலைக் கழுவுங்கள். வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓட்டுங்கள், காயில் உலர்ந்துவிடும். முன் பயணியின் காலடியில் தண்ணீர் தேங்கினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. காரின் அடியிலிருந்து அடைப்பை மெதுவாக நீக்கிவிடலாம். இனிப்பான வாசனையோடு கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் படிந்தால் அது ஏசி பழுதல்ல, ஹீட்டர் காயிலில் கூலன்ட் கசிவு. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏசி போட்டால் என்ஜின் சூடேறுகிறது

உடனே ஏசியை அணையுங்கள். வெப்பநிலை காட்டும் முள் இறங்கவில்லை என்றால் ஓரமாக நிறுத்துங்கள். ஃபேன், கூலன்ட், ரேடியேட்டர் மூன்றும் சரியான பிறகே ஏசியைத் தொட வேண்டும். ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் குளிர்ச்சிக்காக என்ஜினைப் பலி கொடுத்தவர்கள் கட்டிய தொகைக்கு முன்னால் எந்த ஏசி பில்லும் சிறிது.

எஸ்டிமேட் கைக்கு வந்ததும்

தென்னாப்பிரிக்காவில் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குப் பக்கபலமாக இருக்கிறது. நம் ஆட்கள் அதைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பதில் எனக்கு ஆதங்கம் உண்டு. 15ஆம் பிரிவின்படி, பொதுவாக மதிப்பீடு கொடுத்து உங்கள் சம்மதம் வாங்காமல் பழுது பார்த்ததற்குக் கட்டணம் கேட்க முடியாது. சோதனைக்கே கட்டணம் என்றால் அந்தத் தொகையையும் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். சம்மதித்த தொகையை மீறினாலும் மீண்டும் உங்களைக் கேட்க வேண்டும். 67ஆம் பிரிவு, கழற்றிய பழைய பாகங்களைத் தனியே வைத்து உங்களிடம் திருப்பித் தரச் சொல்கிறது. காரை விடும்போதே "பழைய பாகங்கள் எனக்கு வேண்டும்" என்று தாளில் எழுதுங்கள். அந்த ஒரு வரியே தேவையற்ற மாற்றங்களைக் குறைக்கும். 57ஆம் பிரிவு, மாட்டிய புதிய அல்லது புதுப்பித்த பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. ஆறு வாரத்தில் மீண்டும் சூடானால் கூச்சப்படாமல் திரும்பிப் போங்கள்.

கார் இன்னும் கம்பெனி வாரண்டியில் இருந்தாலும், வெளிப் பட்டறையைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு வழி இருக்கிறது. இதற்கு வழிசெய்யும், சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்தின் வாகனச் சந்தை வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. வெளிப் பட்டறை செய்த வேலையால் ஏற்படும் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்காது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டியே ஏற்கும் ஏசி பழுதுக்கு வெளியே காசு கொடுக்கத் தேவையில்லை. முதலில் டீலரிடம் கேளுங்கள்.

பெரிய தொகை என்றால் சோதனைக்கு மட்டும் காசு கொடுத்து, வெளிவந்த கிராம் கணக்கையும் கசிவு இடத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு, அதே தாளோடு இன்னோர் இடத்தில் விலை கேளுங்கள். முதல் பட்டறைக்காரர் நேர்மையானவர் என்றால் இதற்குக் கோபப்பட மாட்டார். தகராறு வந்தால் முதலில் பட்டறைக்கே எழுத்தில் முறையிட்டு, பதில் சொல்ல நேரம் கொடுங்கள். தீரவில்லை என்றால் தென்னாப்பிரிக்க மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மதிப்பீடு, ரசீது, லேபிள் படம், பழைய பாகத்தின் படம், நீங்கள் அனுப்பிய கடிதம் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி இணையுங்கள்.